தையல் மேசை: துணியைப் பார்த்த பிறகே ஊசியைத் தொடுங்கள்

சென்ற இதழில், தையல் கெட்டுப்போனால் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை தடவிப் பாருங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்கள், தேக்காவில் தையல் கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் ஆடை தைத்து வாங்கும் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை முழு இடத்தையும் துணிக்கும் தையலுக்கும் உள்ள உறவுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அம்மா, தீபாவளிக்கு வாங்கிய சாஃப்ட் சில்க் சேலையின் ரவிக்கைத் துணியைக் கொடுத்துத் தைத்து வாங்கினேன். இரண்டாம் முறை உடுத்தியபோதே முதுகுப் பக்கத்தில் தையலை ஒட்டித் துணி வலைபோல் விரிந்துவிட்டது. நூல் அறவில்லை, தையலும் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் துணி மோசம் என்கிறார், நான் தையல் மோசம் என்கிறேன். யார் சொல்வது சரி? (வாசகி, ஈசூன்)

பதில்: நூல் அறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே நோய் தெரிந்துவிட்டது. இதற்கு இழை நழுவல் என்று பெயர். துணி கிழியவில்லை, தையலும் பிரியவில்லை. தையலுக்குப் பக்கத்தில் இருந்த இழைகள் தம் இடத்தை விட்டு வழுக்கிச் சென்றிருக்கின்றன, அவ்வளவுதான்.

பருத்தி நூல் என்பது குட்டையான நார்களை முறுக்கி ஆக்கியது. அதன் மேல் மெல்லிய மயிர்போன்ற நார் நுனிகள் நீட்டிக்கொண்டிருப்பதால், துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு இழையும் அகலவாக்கில் ஓடும் ஊடை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பட்டும் பாலியெஸ்டர் சாட்டினும் நீண்ட, வழுவழுப்பான தொடர் இழைகளால் ஆனவை. அவற்றுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அதிலும் நெசவு இளக்கமாக இருந்தாலோ, சாட்டினைப்போல் ஓர் இழை பல இழைகளைத் தாண்டிச் சென்ற பிறகே அடியில் புகுவதாக இருந்தாலோ, பிடித்து நிறுத்தும் சந்திப்புகள் இன்னும் குறைந்துபோகும். ரவிக்கை உடம்போடு ஒட்டியது. நீங்கள் கையை முன்னால் நீட்டிப் பேருந்தின் கைப்பிடியைப் பிடிக்கும்போது முதுகுத் தையலின் இரு பக்கமும் எதிரெதிராக இழுபடுகிறது. அப்போது தையலுக்கு இணையாக ஓடும் இழைகள், தையலுக்குக் குறுக்கே ஓடும் இழைகளின் மேல் வழுக்கி நகர்கின்றன. நீங்கள் பார்த்த வலை அதுதான். முறுக்கேற்றிய பல புரி இழைகளைக்கொண்டு நெருக்கமாக நெய்த கனமான காஞ்சிபுரம் பட்டில் இது இவ்வளவு எளிதில் நேராது. மெலிந்த, தொய்வான பட்டில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

ஆகவே கடைக்காரர் துணியைச் சொன்னது சரி. ஆனால் துணி அப்படிப்பட்டது என்பதை வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டியவரும் அவர்தான். அதற்குப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. துணியின் ஓரத்துண்டு ஒன்றை இரண்டு கட்டைவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் இடையே அருகருகே பிடித்து, விரல்களை எதிரெதிராக நகர்த்தி அழுத்திப் பாருங்கள். இழைகள் விலகி வெளிச்சம் தெரிந்தால், அந்தத் துணி தையலிலும் நழுவும். ஆடைத் தொழிலில் இதையே இயந்திரத்தில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஐஎஸ்ஓ 13936 என்ற தர அளவுகோல் இதற்கென்றே இருக்கிறது. வரையறுத்த ஒரே மாதிரித் தையலைப் போட்டு இழுப்பதால், அந்தச் சோதனையில் வெளிப்படுவது தையல்காரரின் கைத்திறன் அன்று, துணியின் குணம்.

இத்தகைய துணியில் நூலைத் தடிப்பாக்குவதாலோ இரட்டைத் தையல் போடுவதாலோ பெரிய பயன் இல்லை. நூல் பலமாக இருந்து என்ன, பிடிமானம் விட்டுப்போவது துணியில் அல்லவா? உள்ளே விடும் துணியை ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் விடவேண்டும். பருத்தி லைனிங்கைத் தனியாகத் தைத்து உள்ளே தொங்கவிடாமல், பட்டோடு சேர்த்து ஒரே துணியாகப் பாவித்துத் தைக்கவேண்டும். அப்போது இழுவிசையை லைனிங் ஏற்றுக்கொள்ளும். முதுகுத் தையலிலும் அக்குளிலும் மெல்லிய ஒட்டுத் துணியை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, தைப்பதற்கு முன் உட்புறம் இஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம். நம் ஊர்த் தையல்காரர்கள் ரவிக்கையைக் கிராஸாக, அதாவது இழைகளின் போக்குக்குச் சாய்வாக, வெட்டியதில் ஒரு சூட்சுமம் உண்டு. உடம்புக்குப் படியும் என்பதற்காகத்தான் அப்படி வெட்டினார்கள் என்றாலும், கிராஸ் வெட்டில் இழைகள் தையலைச் சாய்வாகக் கடப்பதால் நழுவலும் குறைந்துபோகிறது.

உங்கள் ரவிக்கையை இப்போது காப்பாற்ற முடியுமா என்றால், முடியும். விரிந்த இடத்தின் மேலேயே மறுபடி தைக்காதீர்கள். நழுவிய இழைகளை ஊசி முனையால் மெல்லத் தள்ளிச் சீராக்கி, உட்புறம் ஒட்டுத் துணி ஒட்டி, பழைய தையலுக்குக் கால் அங்குலம் உள்ளே புதிய தையல் போடுங்கள். அதனால் இறுகுவதை ஈடுகட்டப் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்துங்கள். நல்ல தையல்காரர் பக்கவாட்டில் இரண்டு மூன்று வரிசைத் தையல் போட்டு உள்ளே துணி விட்டிருப்பார். விடவில்லை என்றால், அந்த ஒரு குறைக்காக நீங்கள் அவரோடு சண்டை போடலாம், நான் குறுக்கே வரமாட்டேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ஆடை இறக்குமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்று அனுப்பிய பாப்ளின் சட்டை மாதிரிகளில் பொத்தான் பட்டியும் பக்கத் தையலும் சுருங்கிச் சுருங்கி அலைபோல் இருக்கின்றன. ஆனால் தோள்பட்டையில் போடும் குறுக்குத் தையல் ஓரளவு நன்றாக இருக்கிறது. தொழிற்சாலை டென்ஷனை, அதாவது இயந்திரத்தில் நூலின் இறுக்கத்தை, சரிசெய்துவிட்டதாக மூன்று முறை எழுதிவிட்டது, சுருக்கம் போகவில்லை. நான் அவர்களிடம் என்ன கேட்கவேண்டும்? (வாசகர், தோ பாயோ)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் காலாங்தான் நினைவுக்கு வந்தது. 1980களில் அங்கே ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் ஆடைத் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் வரிசையில் வெள்ளைப் பாப்ளின் சட்டை ஓடிக்கொண்டிருந்தபோது நீங்கள் சொல்லும் அதே சுருக்கம் வந்தது. மெக்கானிக் இரண்டு நாள் இயந்திரம் இயந்திரமாகப் போய் டென்ஷன் திருகைத் தளர்த்தினார், பிறகு இறுக்கினார், மறுபடி தளர்த்தினார். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சீன அக்கா. அவர் ஒன்றும் பேசாமல் அதே துணியில் மூன்று நீளத் துண்டுகள் வெட்டினார். ஒன்று பாவின் போக்கில், ஒன்று ஊடையின் போக்கில், மூன்றாவது கிராஸாக. மூன்றையும் ஒரே இயந்திரத்தில், ஒரே நூலில், திருகைத் தொடாமல் தைத்து மேசைமேல் வரிசையாகப் போட்டார். பாவின் போக்கில் தைத்தது அலை அலையாகச் சுருங்கிக் கிடந்தது, ஊடையில் தைத்தது கொஞ்சம் பரவாயில்லை, கிராஸ் துண்டோ இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது. மெக்கானிக் திருப்புளியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மூன்று துண்டுகள் சொன்ன செய்தி இது. சட்டைப் பாப்ளினில் ஊடையைவிடப் பாவு இழைகள் மிக நெருக்கமாக இருக்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் அங்குலத்துக்குப் பாவு 133, ஊடை 72. அவ்வளவு நெருக்கத்தில் நிற்கும் இழைகளுக்கு நடுவே ஊசி புகுந்து, மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சைத் துணியின் நடுவிலேயே விட்டுவிட்டு வருகிறது. அங்கே அதற்கு இடம் இல்லை. கூட்டம் நிரம்பிய எம்ஆர்டி ரயிலில் இன்னும் ஒருவர் ஏறினால் எல்லோரும் நெளிவதுபோல இழைகள் நெளிகின்றன, துணி மேலெழும்புகிறது. இதை இழை நெரிசல் என்று சொல்லலாம். பொத்தான் பட்டியும் பக்கத் தையலும் பாவின் போக்கில் ஓடுபவை. தோள்பட்டைக் குறுக்குத் தையல் ஊடையின் போக்கில் ஓடுவது. எனவே நீங்கள் பார்த்த வேறுபாடு தற்செயல் அன்று. கிராஸில் ஊசி ஒவ்வொரு குத்துக்கும் வெவ்வேறு இழைகளுக்கு நடுவே இறங்குவதால் நெரிசல் ஓரிடத்தில் குவிவதில்லை.

நெரிசலால் வந்த சுருக்கத்தை டென்ஷன் திருகு தீர்க்காது. உள்ளே போகும் பொருளைக் குறைக்கவேண்டும், அதாவது மெல்லிய நூல், மெல்லிய ஊசி, குறைந்த தையல் எண்ணிக்கை. அங்குலத்துக்கு 14 தையல் போட்டிருந்தால் 11 அல்லது 12க்கு இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசித் தகட்டின் துளையும் ஊசிக்கு ஏற்றபடி சிறிதாக இருக்கவேண்டும். பெரிய துளையில் ஊசி மெல்லிய துணியைத் தன்னோடு உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பக்கத் தையலைச் சங்கிலித் தையலாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. சங்கிலித் தையலில் நூல்கள் பின்னிக்கொள்வது துணிக்கு அடியில்தான், நடுவில் அன்று. பட்டியின் போக்கைப் பாவிலிருந்து சற்றே சாய்த்து வெட்டினாலும் சுருக்கம் குறையும். ஆனால் துணிச் செலவு கூடும் என்பதால் தொழிற்சாலை முகம் சுளிக்கும்.

இருந்தாலும் நான் கடிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஏனென்றால் சுருக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. சுருங்கிய இடத்தில் மேல்நூலைச் சில தையலுக்கு ஒருமுறை கத்தரித்துவிடுங்கள். துணி உடனே தளர்ந்து படிந்தால் குற்றம் டென்ஷனுடையது, மெக்கானிக்கைக் கூப்பிடலாம். தையலின் முடிவில் மேல்துணி நீண்டும் அடித்துணி குறைந்தும் நின்றால், இயந்திரத்தின் பல் அடித்துணியை வேகமாக நகர்த்த, மேலே அழுத்தும் பாதம் மேல்துணியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அழுத்தத்தைக் குறைப்பதும், வழுக்கும் டெஃப்ளான் பாதம் போடுவதும் அதற்கு மருந்து. தைத்தபோது நேராக இருந்து மறுநாள் காலையில் சுருங்கியிருந்தால், இழுபட்டுத் தைக்கப்பட்ட பாலியெஸ்டர் நூல் இரவோடு இரவாகத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பியிருக்கிறது என்று பொருள். துவைத்த பிறகுதான் சுருக்கம் வந்தது என்றால் நூலோ, பட்டிக்குள் வைத்த கேன்வாஸோ துணியைவிட அதிகம் சுருங்கியிருக்கிறது.

ஆகவே தொழிற்சாலையிடம் டென்ஷனைப் பற்றிக் கேட்காதீர்கள். துணியின் பாவு ஊடை எண்ணிக்கை, ஊசி எண், நூல் எண், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள், கூடவே பாவு, ஊடை, கிராஸ் என்று தைத்த மூன்று துண்டுகளையும் அனுப்பச் சொல்லுங்கள். துவைத்த பிறகு தையல் எவ்வளவு தட்டையாக இருக்கவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஏஏடிசிசி என்ற அமெரிக்க ஜவுளிச் சங்கத்தின் 88பி என்ற சோதனையில் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. 5 என்றால் சுருக்கமே இல்லை. "நல்ல தையல் வேண்டும்" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு பொருள் சொல்வார்கள், எண்ணை எழுதினால் சொல்ல முடியாது.

இன்னொன்று. மெலிந்த, கொஞ்சமும் நீளாத துணிகள் எல்லாமே இந்த விஷயத்தில் பொல்லாதவை. துணியைத் தன் தளத்திலேயே சற்று நெருக்கினால், மேலெழும்பாமல் அந்த நெருக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும் திறன் துணிக்குத் துணி வேறுபடும். அந்தத் திறன் துணியின் விறைப்பையும் அது எவ்வளவு நீளும் என்பதையும் பொறுத்தது. இவற்றை அளப்பதற்கென்றே ஜப்பானில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் சுவேயோ கவாபாட்டா ஒரு கருவித் தொகுதியை உருவாக்கினார். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனம் எளிமையான வேறொரு தொகுதியைக் கொண்டுவந்தது. கம்பளிக் கோட்டுத் துணி ஊசி எப்படிக் குத்தினாலும் பொறுத்துக்கொள்வதும், சட்டைத் துணி தொட்டதற்கெல்லாம் சிணுங்குவதும் இதனால்தான்.

கேள்வி: எங்கள் குடியிருப்பாளர் குழுவின் விளையாட்டு நாளுக்கு நானே டி சட்டைகள் தைத்தேன். தைத்த அன்று ஒரு குறையும் இல்லை. ஒரு துவைப்புக்குப் பிறகு தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். சிலவற்றில் கழுத்துத் தையல் தலையை நுழைக்கும்போதே படபடவென்று அறுந்தது. (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். பனியன் துணி நெய்தது அன்று, பின்னியது. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகிறது. கூர்முனை ஊசி அந்த வளையத்தின் நடுவே இறங்காமல் நூலின் மேலேயே இறங்கினால் நூலை அறுத்துவிடும். தைத்தவுடன் தையலின் இறுக்கம் அதை மறைத்து வைத்திருக்கும். துவைப்பில் துணி நீண்டு சுருங்கும்போது அறுந்த வளையம் நழுவி ஓட்டையாகிறது. உருண்டை முனை ஊசி வாங்குங்கள். அது நூலைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இறங்கும். எண் 70 அல்லது 75 போதும். ஊசி மழுங்கினால் உருண்டை முனையும் காப்பாற்றாது. எங்கள் தொழிற்கூடத்தில் குறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஷிஃப்டுக்கு ஒருமுறை ஊசியை மாற்றிவிடுவோம். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் புதிய ஊசி கிடைக்கும். வீட்டில் ஒரே ஊசியை ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களை நான் அறிவேன், பெயர் சொல்ல விரும்பவில்லை.

துணியும் குற்றவாளியாக இருக்கலாம். சாயம் போட்ட பிறகு மென்மையாக்கும் பூச்சுப் போதாமல் வறண்டுபோன பின்னல் துணியில், வளையங்கள் வழுக்கி ஒதுங்காமல் ஊசியின் வழியில் விறைத்து நின்று அறுபடும். தைக்கும் முன் ஓரத்துண்டு ஒன்றில் தைத்து, தையலுக்குக் குறுக்கே நன்றாக இழுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஓட்டை இருந்தால் அப்போதே தெரியும்.

கழுத்து அறுந்ததற்குக் காரணம், நீளும் துணியில் நீளாத தையல் போட்டது. சாதாரண நேர்த்தையலில் நீட்டிக் கொடுக்கத் தேவையான நூல் இருப்பு இல்லை. துணி நீள, நூல் அறும். ஓவர்லாக் இயந்திரம் இருந்தால் அதில் தையுங்கள். இல்லாவிட்டால் வீட்டு இயந்திரத்திலேயே குறுகலான வளைதையல் (ஜிக்ஜாக்) போதும்.

கேள்வி: கடையில் வாங்கும் பனியன்களில் சில, துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடுகிறதே, அது தைத்தவர் தவறா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: பெரும்பாலும் இல்லை, பாவம். ஒற்றைப் பின்னல் துணியில் நூலின் முறுக்கு முழுவதும் அடங்காமல் உயிரோடு இருந்தால், ஈரம் பட்டதும் அது பிரிய முயன்று வளையங்களைச் சாய்த்துவிடும். துணி சாய்ந்த பின் தையல் மட்டும் நேராக நிற்குமா? வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்தினால் எவ்வளவு சாயும் என்று தெரிந்துவிடும். திருப்பூரில் அனுபவம் உள்ளவர்கள் ஒரு சதுரத்தை வரைந்து, துவைத்து, அது எவ்வளவு கோணுகிறது என்று பார்த்த பிறகே துணியை ஏற்பார்கள்.

கேள்வி: ஊசி உறையில் 80/12, 90/14 என்று இரண்டு எண்கள் போட்டிருப்பது ஏன்? நூலில் போட்டிருக்கும் 120 என்பது என்ன? (வாசகி, அங் மோ கியோ)

பதில்: முதல் எண் ஊசித் தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 80 என்றால் 0.80 மில்லிமீட்டர். இரண்டாவது எண் அதே ஊசிக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கும் பழைய எண். நூலின் கணக்கு இதற்கு நேர்மாறு, எண் கூடக் கூட நூல் மெலியும். 120 சட்டைக்கு, 40 அல்லது 30 ஜீன்ஸுக்கு. தெரியாமல் "பெரிய எண் பலமான நூல்" என்று எண்ணி வாங்கிப்போய், நாற்காலி உறை தைத்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு.

கேள்வி: வீட்டில் தொழிற்சாலை இயந்திரம் ஒன்று வாங்கிப்போட்டுக் கேன்வாஸ் பைகள் தைத்து விற்கிறேன். பிடியை வைத்துத் தைக்கும் தடித்த இடத்தில் வேகமாக ஓட்டினால் பாலியெஸ்டர் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் அறுவதில்லை. நூல் தரமற்றதா? (வாசகர், பொங்கோல்)

பதில்: நூலை மாற்றுவதற்கு முன், அறுந்த நுனியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். பிய்ந்து நாராக இருந்தால் எங்கோ உரசுகிறது. மணிபோல் உருண்டு கெட்டியாக இருந்தால் அது உருகியிருக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போடும் வேகத்தில், பல அடுக்குக் கேன்வாஸை ஊடுருவும் ஊசி உராய்வினால் 250 பாகை செல்சியஸையும் தாண்டிச் சூடேறக்கூடும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 255 முதல் 260 பாகையில் உருகும், அதற்கு முன்பே வலுவிழக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது நூலும் துணியும் ஊசியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகின்றன. நீங்கள் சட்டென்று நிறுத்தும் கணத்தில்தான், ஊசிக் காதில் நிற்கும் நூல் சூட்டை வாங்கி அறுகிறது. தடித்த இடம் வரும்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பருத்தி உறை சுற்றிய பாலியெஸ்டர் நூலுக்கு மாறினால் உறை வெப்பத்தைத் தாங்கும். கேன்வாஸின் கஞ்சியும் ஒரு காரணம்தான். விறைப்பான கேன்வாஸ் ஊசியை இறுக்கிப் பிடிக்கும்.

கேள்வி: தேக்காவில் வாங்கிய ரேயான் துணியில் பருத்தி லைனிங் வைத்துச் சுடிதார் தைத்தேன். துவைத்ததும் மேல்துணி குட்டையாகி, லைனிங் கீழே எட்டிப் பார்க்கிறது. நம் ஊர் ஈரக் காற்றுதான் காரணம் என்கிறார் என் தங்கை. (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: தங்கை பாதி சரி. சோதனைக்கூடங்கள் துணியை 65 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்து அளக்கின்றன. அந்த நிலையில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடும் ரேயான் 12, 13 விழுக்காடும் ஈரத்தை வைத்திருக்கும், பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூட வைத்திருக்காது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டையும் தாண்டியது. ஆனால் காற்றின் ஈரத்தால் மட்டும் ஒரு கை அகலம் குறையாது. குறைத்தது துவைப்பு. ஆலையில் இழுத்து முடித்த ரேயான், தண்ணீரில் இழைகள் ஊதி, இழுபட்ட நீளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

வெட்டும் முன் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, துவைத்து, உலர்த்தி, அளந்து பாருங்கள். 48 ஆகியிருந்தால் சுருக்கம் 4 விழுக்காடு, ஒரு மீட்டர் உயரச் சுடிதாரில் அது 4 சென்டிமீட்டர். லைனிங்கையும் அவ்வாறே அளந்து, இரண்டையும் நனைத்து உலர்த்திய பிறகு வெட்டுங்கள். ஈரமான ரேயான் வலுவிழந்து கனத்துத் தொங்கும் என்பதால், சன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழியில் ஒரு முனையைப் பிடித்து மாட்டாமல், நடுவில் மடித்து இரு பக்கமும் சமமாக விழும்படி போடுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் நீண்டு, தையல் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் போகும்.

கேள்வி: செயற்கைத் தோலில் கைப்பை தைத்தால் தையல் வரிசையிலேயே கிழிகிறது. தையலை இன்னும் நெருக்கமாகப் போடவேண்டுமா? (வாசகி, புக்கிட் பாத்தோக்)

பதில்: வேண்டாம், விலக்கிப் போடுங்கள். துணியில் ஊசி போனால் இழைகள் ஒதுங்கி மறுபடி மூடிக்கொள்ளும். செயற்கைத் தோலில் போட்ட துளை போட்டதுதான். நெருங்கிய துளைகள் தபால்தலை ஓரம்போல் கிழிக்க வாகாக நிற்கும். அங்குலத்துக்கு ஆறு அல்லது ஏழு தையல் போதும். பிரித்துத் தைக்க முடியாது என்பதால் முதலில் துண்டில் பழகிக்கொள்ளுங்கள். குண்டூசியும் குத்தாதீர்கள், அதன் துளையும் நிரந்தரம். துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொண்டு தையுங்கள்.